உதிரப்பட்டியின் வாரிசுகள்

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லுக்குத் தனி இடம் உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்க நடந்த பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்துபட்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. 1,400 ஆண்டுகள் ஆன பின்னும் அந்த நாயின் பெயரை நாம் அறிவோம்.

நடுகற்களைப் பார்க்கப் போகிறவர்கள் வீரனின் வாளையும் வில்லையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல்லில் இல்லாதவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒருவன் செத்ததால் மாடு திரும்பக் கிடைத்தது. அந்த மாட்டைக் கறந்து குடித்தவர்கள் யார்? இறந்தவனுக்கு அவர்கள் என்ன கடன்பட்டார்கள்? அந்தக் கடனை எப்படித் தீர்த்தார்கள்?

இன்னொருவர் தந்த உயிரால் வாழ்வது என்பதைத் தன் நடுவில் வைத்திருக்கும் சமயம் கிறித்தவம். ஜவ்வாது மலையைச் சுற்றிய அடிவாரங்களில் அந்தச் சமயத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தெற்கே செங்கத்தின் நடுகற்கள், மேற்கே திருப்பத்தூரின் ஆசிரமம், வடக்கே வேலூரின் மருத்துவமனை, நடுவே மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், பிறர் தியாகத்தால் பயன் பெற்றவனின் கடமை என்ன என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது.

நடுகல்லின் கணக்கு

செங்கம் வட்டாரக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகத் தொகுத்தது. பெரும்பாலானவை தொறுப்பூசலில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. தொறு என்றால் மாட்டுமந்தை. மந்தையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. கவர்ந்த மந்தையை மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு. இரண்டாம் வகைக்குக் கல்வெட்டுகள் கையாளும் தொடர் 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது. 'மீட்டு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம்.

கல் நடுவது ஒரு நாளில் முடிகிற காரியமாக இருக்கவில்லை. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவர நாள் பார்ப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழியோரத்தில் பெயர் பொறித்து நட்ட கற்களைக் கூத்தர்களுக்குச் சுட்டிக்காட்டி, தொழுது போகச் சொல்கிறது.

நினைவோடு நிலமும் தரப்பட்டது. இறந்தவனின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ கொடுத்த நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் சொன்னார்கள். நெய்த்தோர் என்றாலும் குருதிதான். சிந்திய உதிரத்தை நிலமாக மாற்றி வாரிசின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உயிர் போனவனுக்குப் பெயர், அவன் பிள்ளைகளுக்குப் பட்டி, பிழைத்தவர்களுக்கு மாடு. மூன்று தரப்புக்கும் உரியது போய்ச் சேர்ந்தது. ஒருவன் உயிருக்கு நிலம் ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனாலும் கடன் ஒன்று இருக்கிறது என்பதை அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டது, தீர்க்கவும் முயன்றது.

மீட்பு என்ற சொல்

தமிழ்க் கிறித்தவர்கள் இயேசுவை 'மீட்பர்' என்கிறார்கள். அன்றாடத் தமிழில் மீட்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடகுக்கடை. நகையை மீட்கிறோம், நிலத்தை மீட்கிறோம். அதற்கு முந்தைய தலைமுறைகளில் தொறு மீட்டார்கள். தன் கையை விட்டுப் போன ஒன்றை விலை கொடுத்தோ உயிர் கொடுத்தோ திரும்பக் கொண்டுவருவது என்ற பொருள் எல்லா வழக்கிலும் மாறாமல் இருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் 45ஆம் வசனம் இயேசுவின் சாவுக்கு அவர் வாயாலேயே பொருள் சொல்கிறது: பலருக்காகத் தம் உயிரை விலையாகக் கொடுக்க வந்தார் என்று. அதில் வரும் கிரேக்கச் சொல் 'லூத்ரோன்'. அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் பணம் அது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதற்கு 'மீட்கும்பொருள்' என்ற சொல்லை வைத்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஈடு' என்றது. இரண்டும் கடன், அடகு, அடிமைத்தனம் ஆகியவற்றின் உலகத்தைச் சேர்ந்த சொற்கள்.

விலை என்று சொன்னதும் யாருக்குக் கொடுத்த விலை என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. 3ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிஜன், மனிதரைப் பிடித்து வைத்திருந்த சாத்தானுக்குக் கொடுத்த விலை என்று விளக்கினார். திருடனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா என்று 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் கிரகோரி அதை மறுத்தார். 1098 வாக்கில் கேன்டர்பரிப் பேராயர் அன்செல்ம், மனிதன் கடவுளின் மாண்புக்கு ஏற்படுத்திய இழப்பை மனிதனான கடவுளே நிறைவு செய்தார் என்று எழுதினார். அடுத்த தலைமுறையில் இறையியலாளர் அபெலார்ட், சிலுவை எந்தக் கணக்கையும் தீர்க்கவில்லை, அது காட்டிய அன்பே மனிதனை மாற்றுகிறது என்றார். திருச்சபை இவற்றுள் எந்த ஒரு விளக்கத்தையும் தன் பொது விசுவாச அறிக்கையில் எழுதி வைக்கவில்லை. நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு அது நிறுத்திக்கொண்டது.

எதிர்க்கேள்விகளும் வலுவானவை. பணக்கடனை யார் வேண்டுமானாலும் அடைக்கலாம், குற்றம் அப்படிக் கைமாறக் கூடியது அல்ல என்று ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1793இல் வாதிட்டார். அதே கேள்வி 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் காந்தி முன் வந்தது. பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த ஒருவர் அவரிடம், எங்கள் பாவத்தை இயேசு சுமந்துவிட்டார், அதனால் எங்களுக்கு ஓயாத கவலை இல்லை என்று விளக்கினார். பாவத்தின் விளைவிலிருந்து தப்பிக்க நான் விரும்பவில்லை, பாவத்திலிருந்தே விடுபட விரும்புகிறேன் என்பது காந்தியின் பதில். பிறகு அந்த நண்பர் தெரிந்தே தவறுகள் செய்து, அதனால் தன் மனம் கலங்கவில்லை என்பதையும் காட்டினாராம். இதைத் தன் வரலாற்றில் பதிவு செய்யும் காந்தி, எல்லாக் கிறித்தவர்களும் இப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

அந்த நண்பரின் நிலையை உதிரப்பட்டியின் கண்ணால் பார்த்தால் கோளாறு புலப்படும். மாடு திரும்பி வந்துவிட்டது. கல்லும் இல்லை, பட்டியும் இல்லை. அடுத்த பூசலுக்கும் எவனாவது சாவான் என்று திண்ணையில் படுத்துவிட்ட ஊர் அது. ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹாஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'மலிவான அருள்' என்று பெயர் வைத்தார். இயேசுவின் மலைப்பொழிவை வாழ்ந்து பார்க்கும் வழியைக் காந்தியிடம் வந்து கற்க விரும்பியவர் அவர். காந்தியும் அழைத்திருந்தார், பயணம் நடக்கவில்லை. ஹிட்லரின் ஆட்சி 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டது.

நடுகல் மரபும் சிலுவையும் பிரியும் இடம் ஒன்று உண்டு. நடுகல்லில் பிழைத்த ஊர் இறந்தவனின் வாரிசுக்கு நிலம் கொடுக்கிறது. கிறித்தவ நம்பிக்கையில், இறந்தவரின் தந்தையே பிழைத்த ஊரை வாரிசாக ஏற்றுக்கொள்கிறார். பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 8ஆம் அதிகாரம் நம்பிக்கை கொண்டவர்களைக் கிறிஸ்துவின் உடன் வாரிசுகள் என்றே அழைக்கிறது. மாடும் நமக்கு, பட்டியும் நமக்கு. கொடுத்தவரிடம் திருப்பித் தர நம்மிடம் எதுவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. அப்படியானால் அந்தக் கடன் எங்கே போகிறது?

ஆறு கோடி நாள் கூலி

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. அரசனுக்கு ஒரு பணியாளன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி. தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் தீராத தொகை. அவன் காலில் விழுந்து கெஞ்சியதும் அரசன் முழுவதையும் தள்ளிவிட்டான். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டிய உடன்பணியாளனைக் கண்டு கழுத்தைப் பிடித்தான். நம் ஊர்க் கணக்கில் அது நூறு நாள் வேலைக்கான கூலி. அவனைச் சிறையிலும் தள்ளினான். செய்தி தெரிந்த அரசன் தள்ளிய கடனை மறுபடியும் அவன் தலையில் கட்டினான்.

மன்னிப்பு பற்றிய கதையாக இது பிரசங்கங்களில் வரும். பயன் பெற்றவனின் இலக்கணமாகவும் இதைப் படிக்கலாம். அரசனுக்கு நன்றி சொன்னானா, கல் நட்டானா என்று கதை கேட்கவில்லை. அடுத்தவன் கழுத்தில் கை வைத்தானா என்பது ஒன்றே அதன் கேள்வி. மேலே தீர்க்க முடியாத கடன் பக்கவாட்டில் திரும்புகிறது. கிறித்தவ மரபில் உதிரப்பட்டி போய்ச் சேர வேண்டிய முகவரி அண்டை வீட்டான்.

மேற்கு அடிவாரம்: பெரியண்ணனும் சின்னண்ணனும்

திருப்பத்தூரில் 1921இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தின் பிள்ளை. ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் தம்பியாகவும் இந்தியர் அண்ணனாகவும் இருந்த அந்த வரிசை, அன்றைய மிஷன் பங்களாக்களில் காணக் கிடைக்காத ஒன்று. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், தரையில் அமர்ந்து உண்டார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆசிரமத்தின் ஜெபாலயத்தைத் தமிழகக் கோயில் அமைப்பில் கட்டினார்கள். சீர்திருத்தக் கிறித்தவ ஆசிரமங்களுக்கு இந்தியாவில் அது முன்னோடி.

1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்தபோது கதர் உடையில் இருந்த பேட்டன் காவலர்களின் தடியடிக்கு ஆளானார். அடிபட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் லண்டன் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. அதே தெருக்களில் அதே தடியால் தமிழர்களும் அடிபட்டார்கள். ஒருவரின் தியாகம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அவர் பிறந்த இடம் தீர்மானிக்கிறது. தியாகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பேட்டன் விட்டு வந்தது பெருஞ்செல்வம் என்பதால் அவர் கதை எளிதாகப் புகழப்படுகிறது. ஆசிரமத்தின் கருத்து அதைவிட ஆழமானது. கொடுக்கிறவன் உயரத்திலும் வாங்குகிறவன் தாழ்விலும் இருக்கும்வரை கொடை ஒரு வகை ஆதிக்கமாகவே இருக்கும். மிஷன் மருத்துவமனைகளைப் பற்றி, மருந்து கொடுத்து மதம் வாங்குகிறார்கள் என்ற ஐயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த ஐயத்தை அவதூறு என்று ஒதுக்கிவிட முடியாது; சில இடங்களில் அதற்குக் காரணங்களும் இருந்தன. காந்தியும் மருத்துவத் தொண்டை மதமாற்றத்தோடு முடிச்சுப் போடுவதைக் கடுமையாக எதிர்த்தார். நடுகல்லின் மொழியில் சொன்னால், மாட்டை மீட்டுக் கொடுத்துவிட்டு மாட்டுக்காரனையே உரிமை கொண்டாடுவது மீட்பு ஆகாது. திருப்பத்தூர்ச் சகோதரர்கள் அண்ணன், தம்பி என்ற உறவுப் பெயர்களை எடுத்துக்கொண்டது இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு. அண்ணன் செய்ததற்குத் தம்பி ரசீது கொடுப்பதில்லை.

அதே ஊரில் சலேசியத் துறவிகள் 1951இல் நிறுவிய தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் புதரில் கிடந்த பல நடுகற்களை அண்மை ஆண்டுகளில் கண்டு வெளிக்கொணர்ந்தவர்களில் அக்கல்லூரியின் தமிழ்த்துறையினர் குறிப்பிடத்தக்கவர்கள். சிலுவையின் பெயரால் எழுந்த நிறுவனம் ஒன்று, தொறு மீட்டுப் பட்டவர்களின் பெயர்களை மீட்டுத் தருகிறது.

வடக்கு அடிவாரம்: பெயர் இல்லாத மூவர்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கக் கதை தமிழகத்தில் பலருக்கும் தெரியும். 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர். இளம் வயதில் இந்தியாவில் தங்க அவருக்கு விருப்பம் இல்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்த ஓர் இரவில், அடுத்தடுத்து மூன்று பேர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், இன்னொருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் வேறொரு சாதியைச் சேர்ந்தவர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வருவதை மூவரும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில் கட்டியது அது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையை ஐடாவின் தியாகமாகவே நாம் படிக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் மூன்று சாவுகள் இருக்கின்றன. வங்கியாளரின் மனைவிக்குக் கட்டடத்தில் பெயர் இருந்தது. அந்த மூன்று பெண்களின் பெயர்களைக் கதை சொல்வதில்லை. அவர்கள் யாருக்காகவும் உயிரைக் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து உயிர் போனது. தமிழில் 'தியாகம்' வேறு, 'பலி' வேறு. தியாகி தானே கொடுக்கிறார். பலியானவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் இந்த வேறுபாட்டில் மிகக் கவனமாக இருக்கிறது. தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக இயேசு அங்கே சொல்கிறார். தமிழ்க் கிறித்தவ வழக்கு இரண்டு சொற்களையும் அவருக்குச் சூட்டுகிறது. கொடுத்தவரும் அவரே, கொல்லப்பட்டவரும் அவரே. பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் தம் ஆய்வுகளில் வற்புறுத்தியதும் இதையே: பழைய பலிக்கதைகள் பலியானவனைக் குற்றவாளியாகக் காட்டுகின்றன, நற்செய்தி பலியானவர் பக்கம் நின்று, கொன்ற கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

வேலூரால் பிழைத்தவர்கள் ஐடாவுக்கும் கடன்பட்டவர்கள், அந்த மூவருக்கும் கடன்பட்டவர்கள். தியாகத்துக்கு நன்றி சொன்னால் போதும். பலிக்கு நன்றி சொல்வது குரூரம். இனி அப்படி ஒரு சாவு நேராமல் பார்த்துக்கொள்வதுதான் பலியானவர்களுக்குக் கொடுக்கக்கூடிய உதிரப்பட்டி. ஐடா செய்தது அதுதான்.

கல்லூரியின் குறிக்கோள் வாசகமும் நம் கேள்விக்கு நேராக வருகிறது. பணிவிடை பெறுவதற்கு அல்ல, பணிவிடை செய்வதற்கே என்ற பொருள் தரும் அந்த வாசகம், முன்பு பார்த்த மாற்கு 10:45இன் முதல் பாதி. உயிரை ஈடாகக் கொடுப்பதைச் சொல்லும் இரண்டாம் பாதி வாசகத்தில் இல்லை. இறையியலாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டது அந்த இரண்டாம் பாதியைப் பற்றி. மருத்துவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஈடு கொடுப்பது ஒருவரால் ஒரு முறை முடிந்துவிட்டது என்பது கிறித்தவ நம்பிக்கை. எபிரேயர் மடல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பயன் பெற்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது பணிவிடைதான். வேலூரில் திருச்சபைகளின் பரிந்துரையில் படிக்கும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தேவையுள்ள மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம், இந்தப் பக்கவாட்டுக் கடனை ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயால் கை மடங்கிப்போனவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்யும் முறையை அந்நாளில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார். அறுவை மருத்துவருக்கு உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை அது. சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி அதைக் கற்றுச் செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். விபத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பின் என்ன செய்வது என்பதைத் தேர்ந்தெடுத்தார். பலியாக நேர்ந்ததைத் தியாகமாக மாற்றும் உரிமை பலியானவருக்கு மட்டுமே உண்டு. வெளியே நிற்பவர்கள் அந்தச் சொல்லை அவர் மேல் ஏற்றக் கூடாது.

மலைமேல்: கொடுக்கிறவர் யார்?

பொதுவாக மலைமக்கள் பெறுகிறவர்களாகவே நம் கண்ணில் படுகிறார்கள். மருத்துவமனை கீழே, நோயாளி மேலே. பள்ளி நடத்துகிறவர் வெளியூர், படிக்கிற பிள்ளை மலையூர். இந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு சான்று இருக்கிறது.

குடற்புழுக்கள் மண் வழியாகப் பரவி, இரத்தசோகைக்கும் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது வழக்கம். ஊர் முழுவதும் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்று அறிய, டீவோர்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், தெற்கே மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகள். இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய அந்த ஆய்வின் களங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஒவ்வொரு நாட்டிலும் 40 தொகுதிகள் பிரிக்கப்பட்டு, அவற்றில் பாதியில் எல்லாருக்கும் ஆண்டுக்கு இரு முறை என மூன்று ஆண்டுகள் மாத்திரை தரப்பட்டது.

மலைமக்கள் மாத்திரை விழுங்கினார்கள், மல மாதிரி கொடுத்தார்கள், வீடு வீடாக வந்தவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவர்களுக்கும் அதில் பயன் உண்டு. ஆனால் அந்த ஆய்வின் முடிவு போய்ச் சேரும் இடம் ஜவ்வாது மலையைவிடப் பெரியது. இனிமேல் எந்த நாட்டின் புழு நீக்கத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சாமைக்கொல்லையில் நின்று பதில் சொன்ன ஒருவரின் பங்கு அதில் இருக்கும். பெறுகிறவர்கள் என்று நாம் எழுதி வைத்தவர்கள் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மலை கொடுத்த இன்னொன்றும் உண்டு. அது கொடுத்ததல்ல, பறிக்கப்பட்டது. மழையை நம்பிய நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாததால், மலைமக்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் மரம் வெட்டவும் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலையூர்க்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. செம்மரத்தால் பெரும்பணம் பார்த்தவர்கள் அந்த இருபது பேர் அல்லர்.

இதுவும் இன்னொருவர் உயிரால் பயன் பெறுவதுதான். கட்டை எங்கோ போய்ப் பெட்டியாகவும் இசைக்கருவியாகவும் ஆகிறது. மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்ட அடிவாரம் இது. செம்மரம் வெட்டப் போய்ச் செத்தவனுக்கு யார் கல் நட்டது? முன்பணம் என்ற கயிற்றால் கட்டிப் போடப்பட்டவனுக்கு மீட்பு என்ற சொல் உவமையாகக் கேட்காது. லூத்ரோன் என்ற கிரேக்கச் சொல் முதலில் குறித்த பொருளில், தலைக்கு இவ்வளவு என்ற கணக்காகவே அது அவன் காதில் விழும்.

மூன்று அளவுகோல்

நடுகல்லும் சிலுவையும் பயன் பெற்றவனிடம் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன.

உனக்காக இழந்தவர் தாமே கொடுத்தாரா, அவரிடமிருந்து பறிக்கப்பட்டதா? கொடுத்திருந்தால் நன்றி; பறிக்கப்பட்டிருந்தால் நீதி. நன்றியைச் சொல்லி நீதியை மூடி மறைப்பதற்குத் தியாகம் என்ற சொல் அடிக்கடி பயன்படுகிறது. மலைக்கூலிகளின் உழைப்பையும் சாவையும் தியாகம் என்று மேடையில் புகழ்வது, கூலியையும் வழக்கையும் தட்டிக்கழிக்க எளிய வழி.

அவர் பெயர் உனக்குத் தெரியுமா? நாயின் பெயரைக்கூடப் பொறித்த ஊரார் நாம். மூன்று தாய்மாரின் பெயரையும் இருபது கூலிகளின் பெயரையும் நினைவில் வைக்காத காலத்தையும் நாமே உண்டாக்கியிருக்கிறோம்.

நீ பெற்றது உன்னோடு நின்றுவிட்டதா? ஆறு கோடி நாள் கூலி தள்ளுபடியானவன் நூறு நாள் கூலிக்காகக் கழுத்தைப் பிடித்தான். அவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தது பழைய கடன் அல்ல, அந்தக் கை.

ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று திருப்பத்தூரிலும் வேலூரிலும் மலைமேல் உள்ள சிற்றாலயங்களிலும் சிலுவைப் பாடுகளை நினைவுகூர்கிறார்கள். இன்னொருவர் சாவால் தங்களுக்கு வாழ்வு வந்தது என்று அறிக்கையிடுகிறார்கள். அந்த அறிக்கையின் உண்மையைச் சோதிக்க இறையியல் நூல்கள் வேண்டியதில்லை. கோயிலை விட்டு வெளியே வந்ததும், தமக்குக் கடன்பட்டவனையும், தம்மிடம் முன்பணம் வாங்கிய கூலியாளையும் அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். உதிரப்பட்டி என்பது தரிசாகப் போட்டுவைக்கும் நிலம் அல்ல; உழுது, விளைந்ததில் பங்கு கொடுக்க வேண்டிய நிலம்.